உயர்தரக் கலாசாலையின் வாயில்

(நமது சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பல்லாயிரவர் நாடிச் சிலர் மாத்திரமே நுழையக்கூடிய ஓர் உயர்தரக் கலாசாலையில் நம் பிள்ளைகள் இடம்பெறுவதற்கு வேண்டுவன யாவை என்பதுபற்றிப் பேசும்படி நமது காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். இவ்விஷயத்தைப் பொதுப்படப் பேசினால், நன்றாகப் படியுங்கள் என்ற ஒரு வாக்கியத்தோடு பிரசங்கம் முடிந்துவிடும். அதைக் கேட்பதற்கு நீங்கள் இத்தனை தூரம் வந்திருக்க வேண்டியதில்லை. ஆதலின், ஒரே ஒரு வாயிலை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள தாழ்கள் எவை, அவற்றைத் திறக்கும் கோல்கள் எவை என்று ஆராய்வதே பயனுடையதென எண்ணுகிறேன். நம் இல்லங்களில் நாள்தோறும் பேசப்படுகின்ற ஐ.ஐ.டி. என்னும் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வாயிலே அது.

இக்கழகங்கள் தோன்றிய வரலாற்றை முதலிற் சுருக்கமாகக் கூறுவேன். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்தில், நளினி ரஞ்சன் சர்க்கார் என்பவரைத் தலைவராகக் கொண்ட குழுவொன்று, தேசத்தின் நான்கு திசைகளிலும் உயர்தரத் தொழிற்கலாசாலைகள் வேண்டுமென்று சிபாரிசு செய்தது. அதன் பயனாக 1951-ஆம் ஆண்டில் வங்காளத்துக் கரக்பூரில் முதற்கழகம் பாடம் தொடங்கிற்று. அது தொடங்கிய கட்டடம், அந்நிய அரசாங்கத்தார் தேசபக்தர்களை அடைத்துவைத்திருந்த ஹிஜ்லி என்னும் காவற்சிறையாகும். சிறையே கலாசாலையாயிற்று. 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு நமது சென்னையில், கிண்டிக் காட்டை அடுத்து ஒரு கழகம் எழுந்தது. இன்று தேசமெங்கும் 23 கழகங்கள் உள்ளன. இவையனைத்தும் பொதுஜனங்களின் வரிப்பணத்தால் எழுந்தவை. ஆகவே, இவற்றின் வாயிலைத் தட்டுவது யாசகமன்று, உரிமையாகும்.

இனி அவ்வாயிலின் அகலத்தைப் பார்ப்போம். 2024-ஆம் ஆண்டில் ஜே.ஈ.ஈ. மெயின் என்னும் முதற்பரீட்சைக்குப் பதிவு செய்துகொண்டோர் 14 லட்சத்துக்கு மேற்பட்டவர். அவர்களுள் முன்னணியில் நிற்கும் இரண்டரை லட்சம் பேரே, அட்வான்ஸ்டு என்னும் இரண்டாம் பரீட்சைக்கு உரியவராவர். அதை எழுதியவர் சுமார் 1,80,000 பேர்; தகுதி பெற்றவர் 48,248 பேர்; எல்லாக் கழகங்களிலும் சேர்த்து இருந்த இடங்களோ 17,740. முதலிற் புறப்பட்டவர்களுள் ஏறக்குறைய எண்பது பேருக்கு ஓர் இடம் என்பது கணக்கு. இதிலே கவனிக்கத்தக்கது மற்றொன்றும் உண்டு. தகுதி பெற்றவர் என்று பரீட்சகரே ஒப்புக்கொண்டவர்களுள்ளும் பாதிக்கு மேற்பட்டோருக்கு இடமில்லை. இடம் கிடைக்காதவன் தகுதியற்றவன் என்று பேசுவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பார்களாக.

இத்தகைய குறுகிய வாயிலில் நுழைவதற்கு வேண்டுவன நான்கு என்பது என் கருத்து. தெளிவு ஒன்று, காலம் ஒன்று, பத்திரம் ஒன்று, திடம் ஒன்று. இவற்றுள் முதலிரண்டும் மாணாக்கரைப் பொறுத்தவை. பின்னிரண்டும் வீட்டாரையும் நம்போன்ற சங்கத்தாரையும் பொறுத்தவை. நாம் முதலிரண்டையே ஓயாது பேசிப் பின்னிரண்டையும் மறந்துவிடுகிறோம். நன்கு படித்த பிள்ளைகள் சிலர் வாயிற்படிவரை சென்று திரும்புவதற்கு இம்மறதியே காரணமாகிறது.

முதலாவது, தெளிவு. அப்பரீட்சையில் கேட்கப்படுவன பௌதிகம், ரசாயனம், கணிதம் ஆகிய மூன்றே. அவையும் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளின் பாடங்களே. ஆயினும் பாடத்தை ஒப்புவிப்பவனுக்கு அங்கே இடமில்லை. ஒரே கேள்வியில் இரண்டு மூன்று பாடங்களின் கருத்துக்கள் பின்னிக் கிடக்கும். புத்தகத்திலே காணாத உருவத்தில் வரும் கேள்வியைப் பார்த்து, இது எந்த விதியைச் சார்ந்தது என்று தானே கண்டறியும் பழக்கம் வேண்டும். அப்பழக்கம் எவ்வாறு வரும்? விடை தெரியாத கணக்கோடு அரைமணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருப்பதனால் வரும். விடையை உடனே திருப்பிப் பார்க்கின்ற பிள்ளை, நூறு கணக்குகளைப் பார்த்தவனாவானேயன்றிச் செய்தவனாக மாட்டான்.

இங்கே நம் நாட்டுப் பழக்கமொன்றைக் கண்டித்துச் சொல்லவேண்டியிருக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை மேலோட்டமாகத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டும் நடத்துகின்ற வழக்கம் சில பள்ளிக்கூடங்களிலே வேரூன்றிவிட்டது. அதைத் தடுக்கக் கருதியே நமது மாநில அரசாங்கத்தார் 2017-18-ஆம் கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுப்பரீட்சை ஏற்படுத்தினர். 2025-ல் அதனை நீக்கிவிட்டனர். பிள்ளைகளின் சுமையைக் குறைக்கக் கருதிய அச்செயலைக் குறைகூற நான் முன்வரவில்லை. ஆனால் அந்தக் காவல் நீங்கியபடியால், இனிக் காவல் பெற்றோராகிய நீங்களே. அட்வான்ஸ்டுப் பரீட்சையின் கேள்விகளில் கணிசமான பங்கு பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து வருவது. அவ்வகுப்பை இழந்த பிள்ளை அடித்தளமின்றிச் சுவரெழுப்புகிறவனை ஒப்பான்.

தெளிவோடு சேர்ந்த மற்றொரு திறம், விட்டுவிடத் தெரிதல். நம் பிள்ளைகள் நூற்றுக்கு நூறு வாங்கிப் பழகியவர்கள். ஒரு கேள்வியை விட்டால் உயிரே போயிற்று என்று நினைப்பவர்கள். இப்பரீட்சையின் இயல்போ வேறு. பொதுப்பட்டியலில் இடம்பெற 2024-ல் வேண்டியிருந்த குறைந்த மதிப்பெண் 360-க்கு 109. 2025-ல் 360-க்கு 74. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! மேலும், பலவகைக் கேள்விகளில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படும். ஆகவே, தனக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரித்தறிந்து, தெரியாததை மனக்கலக்கமின்றித் தாண்டிச் செல்பவனே முன்னே நிற்பான். தன் அறிவின் எல்லையைத் தானே அறிதலும் ஓர் அறிவு என்பதை இப்பரீட்சை கற்பிக்கிறது.

இரண்டாவது, காலம். சிலர் ஆறாம் வகுப்பிலேயே பிள்ளையைப் பயிற்சிக்கூடத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அது விதையை ஊன்றிய மறுநாளே தோண்டிப் பார்ப்பதை ஒக்கும். எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் வேண்டியது கணிதத்தில் ஆசையும், ஏன் என்று கேட்கும் துணிவும், தினந்தோறும் சற்று நேரம் தனித்திருந்து படிக்கும் வழக்கமுமே. முறையான பயிற்சிக்குப் பதினொன்று, பன்னிரண்டாகிய இரண்டாண்டுகள் போதும். ஆனால் அவ்விரண்டாண்டுகளும் முழுமையாக வேண்டும். அட்வான்ஸ்டுப் பரீட்சையை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இருமுறை மாத்திரமே எழுதலாம் என்பதையும் நினைவிற் கொள்க. அத்துடன், பன்னிரண்டாம் வகுப்பில் நூற்றுக்கு 75 மதிப்பெண்ணேனும், அல்லது அவ்வப் பரீட்சைக் குழுவில் முதல் ஐந்தில் ஒரு பங்கினருள் இடமேனும் பெறவேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், அங்கக் குறையுடையோர் ஆகியோர்க்கு 65 போதும். ஆகவே பள்ளிப் பரீட்சையை அலட்சியம் செய்தலும் ஆகாது.

பயிற்சிக்கூடம் இன்றியமையாததா என்று பலர் வினவுகின்றனர். அது உதவும், ஆனால் அதுவே வழியன்று. பழைய கேள்வித்தாள்கள் யாவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. பேரறிஞர் நடத்தும் பாடங்கள் இணையத்தின் வாயிலாக வீட்டிற்கே வருகின்றன. ஒரு நல்லாசிரியரும், ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்ளும் நான்கு தோழர்களும் கிடைத்தால், அதுவும் ஒரு பயிற்சிக்கூடமே. நிலத்தை விற்றுக் கட்டணம் செலுத்துவோருக்கு ஒன்று சொல்வேன்: உங்கள் பிள்ளை அக்கடனைத் தன் தலைமேல் சுமந்துகொண்டே பரீட்சை எழுதச் செல்கிறான்.

தமிழில் கற்கும் பிள்ளைகளைப்பற்றியும் இங்கே கூறவேண்டும். முதற்பரீட்சையை 2021-ஆம் ஆண்டு முதல் தமிழ் உள்பட 13 மொழிகளில் எழுதலாம். இரண்டாம் பரீட்சையின் கேள்வித்தாளோ, 2025 வரை ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வந்துள்ளது. ஆகையால், தமிழில் பயிலும் பிள்ளை பௌதிகத்தின் கருத்தைத் தமிழிலே நன்குணர்ந்துகொண்டு, பதினொன்றாம் வகுப்பு முதலே கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் எழுதிப் பழகவேண்டும். கருத்து ஆழப் பதிந்தவனுக்குச் சொல் தடையாவதில்லை.

மூன்றாவது, பத்திரம். அறிவுள்ள பிள்ளை ஒரு காகிதத்தால் இடமிழப்பது எவ்வாறு என்பதற்கு, தேசமறிந்த உதாரணம் ஒன்று கூறுவேன். 2024-ஆம் ஆண்டில், உத்தரப்பிரதேசத்து முஸாபர்நகர் ஜில்லாவைச் சேர்ந்த கூலித்தொழிலாளி ஒருவரின் புதல்வன், தனக்குரிய கடைசி முயற்சியில் தேறித் தன்பாத் கழகத்தில் இடம்பெற்றான். அவ்விடத்தை உறுதிசெய்ய ஜூன் 24-ஆம் தேதி மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாய் செலுத்தவேண்டியிருந்தது. வீட்டார் அங்குமிங்கும் ஓடிப் பணம் திரட்டியபோது மாலை 4.45 ஆகிவிட்டது. எஞ்சிய நிமிஷங்களில் அத்தொகை இணையத்திற் செலுத்தப்பட்டபாடில்லை. இடம் போயிற்று. அப்பிள்ளை ஜார்க்கண்டில் முறையிட்டான். அவ்வாண்டுப் பரீட்சையை நடத்தியது சென்னைக் கழகமாதலின் நமது சென்னை உயர்நீதிமன்றத்துக்கும் வந்தான். முடிவில் உச்சநீதிமன்றத்தை அடைந்தான். செப்டம்பர் 30-ஆம் தேதி, அரசியல் சட்டத்தின் 142-ஆம் பிரிவின்கீழ் தமக்குள்ள விசேஷ அதிகாரத்தைக்கொண்டு, வேறொருவர் இடத்தையும் பறிக்காமல் அவனுக்கென ஓர் இடம் கூட்டித்தரும்படி நீதிபதிகள் உத்தரவிட்டனர். நியாயம் கிடைத்தது, மகிழ்ச்சியே. ஆனால், உச்சநீதிமன்றம்வரை போகமாட்டாத பிள்ளைகளின் கதியை எண்ணிப் பாருங்கள்! பதினேழாயிரத்து ஐந்நூறு ரூபாயை ஒருவாரம் முன்னதாகக் கைமாற்றாகக் கொடுக்க அவ்வூரில் ஒரு சங்கம் இருந்திருந்தால், இத்தனை அலைச்சலுக்கு இடமேயில்லை.

பத்திர விஷயத்தில் நம்மவர் பிழைபடும் இடங்களைத் தெளிவாகக் கூறுகிறேன். ஐ.ஐ.டி.க்களில் தாழ்த்தப்பட்டோருக்கு நூற்றுக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, இதர பிற்பட்ட வகுப்பினருக்கு 27, பொதுப்பிரிவில் பொருளாதார நலிவுற்றோருக்கு 10 என இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. இவை மத்திய அரசாங்கத்தின் சட்டப்படி அமைந்தவை. தாசில்தாரிடம் வாங்கி வைத்திருக்கும் மாநில அரசாங்கத்துப் பிற்பட்ட வகுப்பு அல்லது மிகப் பிற்பட்ட வகுப்புச் சான்றிதழ் இங்கே செல்லாது. மத்திய அரசாங்கம் விதித்துள்ள படிவத்தில் தனிச் சான்றிதழ் பெறவேண்டும். அதிலும், பரீட்சை நடக்கும் ஆண்டின் ஏப்ரல் 1-ஆம் தேதியிலோ அதற்குப் பின்னரோ வழங்கப்பட்டதாயிருத்தல் அவசியம். வகுப்பின் பெயர் மத்தியப் பட்டியலில் உள்ளதா என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வருமானம் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டால் பிற்பட்டோர் சலுகை இல்லை என்று பலர் கேள்விப்பட்டு, விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகின்றனர். அவ்வருமானத்தைக் கணக்கிடும்போது பெற்றோரின் சம்பளமும், பயிர்த்தொழில் வருமானமும் சேர்க்கப்படுவதில்லை. உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உத்தியோகத்தின் தரமே பார்க்கப்படும். இது தெரியாமல் இழந்தோர் பலர். மேலும், பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர், பிறந்த தேதி ஆகியவை ஒத்திருத்தல் வேண்டும். தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் கிடப்பது நம் நாட்டில் சகஜம். அதை ஒன்பதாம் வகுப்பிலேயே திருத்திக்கொள்வது எளிது. பன்னிரண்டாம் வகுப்பின் முடிவில் திருத்தப் புகுவது பெருந்தொல்லை.

செலவுக்கு அஞ்சுவோரும் உளர். 2016 முதல் இக்கழகங்களின் இளநிலைப் பொறியியற் படிப்பில் போதனைக் கட்டணம் ஆண்டுக்கு இரண்டு லட்சம் ரூபாய். இதைக் கேட்டவுடன் திகைக்க வேண்டாம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், அங்கக் குறையுடையோர் ஆகியோர்க்கும், ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குட்பட்ட குடும்பத்தார்க்கும் அக்கட்டணம் முழுவதும் தள்ளுபடி. ஐந்து லட்சம்வரை உள்ளோர்க்கு மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசாங்கப் பள்ளிகளிற் படித்து ஐ.ஐ.டி. முதலியவற்றில் சேரும் பிள்ளைகளின் இளநிலைப் படிப்புச் செலவு முழுவதையும் தாமே ஏற்பதாக நமது மாநில அரசாங்கத்தாரும் 2022-ல் அறிவித்தனர். வறுமையால் இடம் இழந்தேன் என்று எவரும் சொல்லவேண்டிய அவசியம் இல்லாதபடி வழிகள் உள்ளன. அவ்வழிகளை எடுத்துச் சொல்வாரே இல்லை.

நான்காவது, திடம். இதைச் சொல்ல நாக் கூசுகிறது. எனினும் சொல்லாமலிருத்தல் தகாது. ராஜஸ்தானத்தில் கோட்டா என்றொரு நகரம் உண்டு. தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து தங்கி, இத்தகைய பரீட்சைகளுக்குப் பயிலும் ஊர் அது. 2023-ஆம் ஆண்டில் மாத்திரம் அங்கே இருபதுக்கும் மேற்பட்ட மாணாக்கர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். இதன் விளைவாக, 2024 ஜனவரியில் மத்திய அரசாங்கத்தார், பதினாறு வயதுக்குட்பட்டவரைப் பயிற்சிக்கூடங்களிற் சேர்க்கலாகாது, தேர்ச்சிக்கு உறுதிமொழி கொடுத்து விளம்பரம் செய்யலாகாது என்று நெறிமுறைகள் வகுத்தனர். நெறிமுறை அரசாங்கத்தின் கடமை. வீட்டில் நிம்மதி தருவது நம் கடமை.

பெற்றோர்களே! பிள்ளை பரீட்சைக்குப் போவதற்கு முன்னால், கிடைக்காவிட்டாலும் நீ எங்கள் பிள்ளைதான் என்று ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். மனத்துக்குள் வைத்திருந்தால் அவனுக்குத் தெரியாது. அவ்வார்த்தை படிப்பைத் தளர்த்துமென்று அஞ்சவேண்டாம். பயத்தோடு எழுதுகிறவன் தெரிந்ததையும் மறப்பான். பயமற்றவன் தெரியாததை அமைதியாகத் தாண்டிச் செல்வான். முன்னே கூறிய விட்டுவிடும் திறம், விட்டாலும் குற்றமில்லை என்றறிந்த வீட்டிலேதான் வளரும்.

பெண்மக்களைப்பற்றித் தனியே ஒன்று. 2017-ஆம் ஆண்டில் ஐ.ஐ.டி.க்களிற் சேர்ந்தோருள் பெண்கள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. 2018 முதல் அவர்களுக்கென இடங்களைக் கூட்டி, 2020-க்குள் ஐந்தில் ஒரு பங்காக உயர்த்தத் திட்டம் செய்யப்பட்டது. கதவு திறந்திருக்கிறது. நம் வீடுகளிலோ, பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்னும் கேள்வி இன்னும் கேட்கப்படுகிறது. அதே தூரத்துக்கு மணமுடித்து அனுப்பத் தயங்காத நாம், படிக்க அனுப்பத் தயங்குவது எந்த நியாயம்?

கதவு ஒன்றுதான் என்று நினைப்பதும் பிழை. வேறு கலாசாலையில் பொறியியல் கற்றுத் தேறியவர், கேட் என்னும் பரீட்சையின் மூலம் அதே கழகங்களில் முதுநிலைப் படிப்பில் சேரலாம். விஞ்ஞானப் பட்டம் பெற்றோர்க்கு ஜாம் என்னும் பரீட்சை உண்டு. சென்னைக் கழகத்தார் 2020-ல் அறிவித்துத் தொடங்கிய தரவு விஞ்ஞானப் பட்டப்படிப்பிற்கு ஜே.ஈ.ஈ. பரீட்சையே தேவையில்லை, நான்கு வாரப் பாடம் கற்று அதன் முடிவில் நடக்கும் தகுதித் தேர்வில் தேறினால் போதும். கணிதத்தில் மோகமுள்ள பிள்ளைக்குச் சென்னைக் கணிதக் கழகம் தானே ஒரு தேர்வு நடத்துகிறது. பதினேழு வயதில் ஒருநாள் காலையும் மாலையும் எழுதிய இரண்டு விடைத்தாள்கள் ஒரு மனிதனின் ஆயுளை நிர்ணயிப்பதில்லை.

இனி, நமது சங்கம் செய்யத்தக்கவை மூன்றென்று கூறி அமைவேன். ஒன்று, ஆண்டுதோறும் ஐப்பசி முதல் ஆனி வரை ஞாயிற்றுக்கிழமைகளில் நமது கட்டடத்தில் ஓர் உதவி மேஜை நடைபெறவேண்டும். சான்றிதழ் எப்போது வாங்குவது, விண்ணப்பம் எவ்வாறு நிரப்புவது, கழகங்களையும் பாடங்களையும் எந்த வரிசையில் விரும்பிக் கேட்பது என்பவற்றை, முன்னே சென்று வந்த இளைஞர் உடனிருந்து செய்துகொடுக்க வேண்டும். இரண்டு, இடம் உறுதிசெய்யும் கட்டணத்துக்கென ஒரு சிறு கைமாற்று நிதி வேண்டும். அது பெரிய உபகாரச் சம்பளமாக இருக்க வேண்டியதில்லை. மாலை ஐந்து மணிக்கு முன் கைக்கு வந்தாற் போதும். மூன்று, நமது ஆண்டு விழாவில் இடம்பெற்றோருக்கு மாத்திரம் மாலையிட்டுப் படம் பிடிப்பதை விடுத்து, பரீட்சை எழுதிய பிள்ளைகள் அனைவரையும் மேடைக்கு அழைத்து வாழ்த்தவேண்டும்.

இச்சங்கம் நம் குலத்தார் கொடுத்த காசால் நடப்பது மெய்யே. ஆயினும், உதவி மேஜையின்முன் வந்து நிற்கும் பிள்ளையை நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுத் திருப்பி அனுப்புதல் நமக்கு அழகன்று. ஒரு விண்ணப்பத்தை நிரப்பக் கற்றவருக்கு நூறு விண்ணப்பங்களை நிரப்புவதால் அறிவு குறைவதில்லை. அடுத்த தெருப் பிள்ளையும் நம் பிள்ளையோடு ஒரே அறையில் பரீட்சை எழுதப் போகிறவன்தான்.

இம்மூன்றையும் இக்கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றி, உதவி மேஜைக்கு முன்வரும் இளைஞர்களின் பெயர்களைக் காரியதரிசி அவர்கள் இன்றே குறித்துக்கொள்ள வேண்டுமென்று வேண்டுகிறேன்.